மறைமலையடிகளின் கேள்வியும் மூளையின் பதிலும்

மூளையின்றி உணர்வு உண்டா என்ற வழக்கு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கொள்கை கேட்டுவரும் மணிமேகலை, கடைசியில் பூதவாதியிடம் வந்து சேர்கிறாள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றோடு கூட்டினால், அவற்றில் எதிலும் தனியே இல்லாத போதை பிறக்கிறது; நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறப்பதும் அப்படித்தான் என்பது அவன் கட்சி. கூட்டு கலைந்தால் உணர்வும் இல்லை. கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க வேண்டியதில்லை. மணிமேகலை நகைத்துவிட்டு, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று ஒரே கேள்வியில் அவனை மடக்குகிறாள். மடங்கியது அவனுடைய அளவைக் கொள்கை மட்டுமே. பூதங்களிலிருந்து உணர்வு பிறக்கிறது என்ற கூற்று அந்தக் கேள்வியால் அசைந்துவிடவில்லை.

அசையாததால்தான் அடுத்து வந்தவர்களும் அவனை விடவில்லை. சமண நூலான நீலகேசி பூதவாதத்துக்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை, அவன் இனத்தாரான உலகாயதரை மறுப்பதிலிருந்து தொடங்கினார். பௌத்தமும் சமணமும் சைவமும் தமக்குள் எவ்வளவு வாதிட்டாலும் இந்த ஒருவனை எதிர்ப்பதில் ஓரணியில் நின்றன. பூதவாதியே எழுதிய தமிழ் நூல் எதுவும் எஞ்சவில்லை. அவன் குரலை எதிரிகளின் ஏட்டில்தான் கேட்க முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பழைய வழக்கு பல்லாவரத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. எடுத்தவர் மறைமலையடிகள். 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம், சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தம் கற்றவர்; 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். கல்லூரியை விட்டதும் பல்லாவரத்தில் குடியேறினார். 1911 ஆகஸ்ட் 27 அன்று துறவு பூண்டார். அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பின்னர் பொதுநிலைக் கழகம் என்று பெயர் பெற்றது. 1950-ல் மறையும்வரை இவ்வூரே அவருக்கு இருப்பிடம். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகவே இன்று நினைக்கப்படும் அவர், மரணத்தின்பின் மனிதர் நிலை (1911), யோக நித்திரை அல்லது அறிதுயில் (1922), மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி (1927), தொலைவிலுணர்தல் (1935) ஆகியவற்றையும் எழுதினார். இந்நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரியில் கடந்து போகப்படுகின்றன. அது சரியன்று. உயிர் உடம்பின் விளைபொருள் ஆகாது என்ற கொள்கைக்குச் சாத்திரத்தோடு நின்றுவிடாமல், மேலைநாட்டார் சோதனைகளிலும் துணை தேடிய முயற்சி அவை. சான்று கேட்கும் காலத்துக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும் என்ற மனம் அதில் தெரிகிறது.

காலமும் அப்படிப்பட்டது. 1882-ல் லண்டனில் அமானுட உளநிகழ்வு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. ஹிப்னாடிசம், தொலைவிலுணர்தல், ஆவியுலகத் தொடர்பு ஆகியவற்றைப் பேராசிரியர்களும் மருத்துவர்களும் பொறுப்போடு ஆராய்ந்து வந்தனர். அவற்றுள் மிக வலுவாக நின்றது ஹிப்னாடிசம். அதற்கு முந்தைய பெயர் மெஸ்மரிசம். அதன் புகழ்பெற்ற அத்தியாயம் நடந்ததோ இந்தியாவில். வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1845 ஏப்ரலில் கைதி ஒருவரை மெஸ்மரிச முறையில் துயிலவைத்து அறுவை சிகிச்சை செய்தார். ஈதர் மயக்க மருந்து பாஸ்டனில் பொதுமக்கள் முன் காட்டப்பட்டதே 1846 அக்டோபரில்தான். யானைக்கால் நோயால் பெருத்த கட்டிகளை, நோயாளி முனகாமல், துடிக்காமல் அகற்றியதாக எஸ்டெய்ல் பதிவு செய்தார். அரசு ஒரு குழுவை அமைத்துப் பார்த்தது. கல்கத்தாவில் அவருக்கென ஒரு மருத்துவமனையும் கிடைத்தது. ஈதரும் குளோரோபார்மும் பரவியதும் அந்த முறை வழக்கொழிந்தது.

உடம்பைக் கத்தி அறுக்கிறது, வலி இல்லை; ஒருவர் சொல்லும் சொல்லே வலியைத் தடுத்துவிடுகிறது. மனம் உடம்பின் நிழல் என்றால் நிழல் உடம்பை ஆள்வது எப்படி? அக்காலத்து ஆன்மவாதிகள் பலருக்கும் இது அசைக்க முடியாத சான்றாகத் தோன்றியது.

அந்தச் சான்று பின்னாளில் எங்கே போய் நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். 1997-ல் மான்ட்ரியலில் பியர் ரேன்வில்லும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கை, வலி உண்டாக்கும் சூடுள்ள நீரில் வைக்கப்பட்டது. வேதனை மிகுதி என்று ஒரு முறையும், குறைவு என்று ஒரு முறையும் சொல்லப்பட்டது. நீரின் சூடு மாறவில்லை. பெட் ஸ்கேனில் பார்த்தபோது, மூளையின் மேலடுக்கான புறணியில் தொடுவுணர்வைப் பதியும் பகுதி இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரேபோல இயங்கியது. வலியின் வேதனைக் கூறோடு தொடர்புடைய முன்புறச் சிங்குலேட் புறணி என்ற பகுதியின் இயக்கமோ, சொன்ன சொல்லுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. சொல்லும் காது வழியாக மூளைக்குள் போய்த்தான் வேலை செய்கிறது. எஸ்டெய்லின் நோயாளிகள் அனுபவித்த அமைதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது மூளையைத் தாண்டிய ஒன்றுக்குச் சாட்சி சொல்லவில்லை. தொலைவிலுணர்தலின் கதை இன்னும் சுருக்கமானது. அடிகளின் நூல் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1934-ல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுச் சோதனைகளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். கட்டுப்பாடுகளை இறுக்கி மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நம்பத் தகுந்தபடி திரும்பக் கிடைக்கவில்லை.

ஆக, அடிகள் கைக்கொண்ட ஆய்வுச் சான்றுகள் நிற்கவில்லை. அவர் நின்ற சித்தாந்தம் அவற்றோடு விழுந்துவிடவும் இல்லை. மூளைக்கு அடிபட்டால் நினைவு போகிறது, மது குடித்தால் புத்தி தடுமாறுகிறது, ஆகவே ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது பொதுவாக வைக்கப்படும் வாதம். நினைவும் புத்தியும் ஆன்மாவின் குணங்கள் என்று நம்புகிறவரை இந்த வாதம் வீழ்த்திவிடும். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியங்கள், அதாவது சடம். சிந்திப்பது, ஐயுறுவது, நான் என்று எழுவது, இதுதான் என்று துணிவது எல்லாம் சடக் கருவிகளின் தொழில். உயிர் இவற்றுக்கு வேறு. ஆனால் கருவி கூடாத உயிர் தானாக எதையும் அறியாது. ஆணவ மலத்தில் மட்டும் அழுந்திக் கிடக்கும் அந்த நிலைக்குக் கேவலம் என்று பெயர்; அங்கே அறிவும் விழைவும் செயலும் விளங்குவதில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் பேசுவது இந்தப் பொருளைத்தான்.

சித்தியார் இதைக் கணக்காகவே தருகிறது. விழிப்பில் உயிர் புருவ நடுவில் 35 கருவிகளோடு நிற்கிறது. கனவில் கழுத்துக்கு இறங்கும்போது அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் கழன்று 25 ஆகிறது. உறக்கத்தில் நெஞ்சில் மூன்று: சித்தம், பிராணன், புருடன். துரியத்தில் சித்தமும் கழன்று, மூச்சும் புருடனும் மட்டும் உந்தியில். துரியாதீதத்தில் மூச்சும் அடங்கி, புருடன் ஒன்றே மூலாதாரத்தில். இடங்களைப் பற்றிய உடற்கூறு இன்று ஏற்கத்தக்கதாக இல்லை. மூலாதாரத்தில் உணர்வுக்கான உறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் உணர்வு ஒரு விளக்கைப்போல எரிவதோ அணைவதோ ஆகாமல், கருவிகள் ஒவ்வொன்றாகக் கழலக் கழலப் படிப்படியாகக் குறைவது என்ற பார்வை நுட்பமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆழ்ந்த கோமாவில் கிடப்பவரை, மூச்சு மட்டும் எஞ்சிய நிலை என்று ஒரு மருத்துவர் சொல்வதற்கும் அந்தத் துரியத்துக்கும் அதிகத் தூரம் இல்லை.

இன்றைய ஆய்வும் படிகளையே காட்டுகிறது. 2005-ல் மார்செல்லோ மாஸ்ஸிமினியும் ஜூலியோ டொனோனியும் உடன் ஆய்வாளர்களும், தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் எதிரொலியை இ.இ.ஜி.யில் பதிந்தனர். விழித்திருப்பவரிடம் அது ஒரு பகுதியில் தொடங்கி வேறு பல பகுதிகளுக்கு ஓடியது. ஆழ்ந்த உறக்கத்தில் தொட்ட இடத்திலேயே சட்டென்று அடங்கியது. நரம்பணுக்கள் உறக்கத்திலும் சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. அறுந்திருந்தது அவற்றுக்கு இடையிலான உரையாடல். அதே குழுவினர் 2013-ல் இந்தச் சிக்கலமைவை ஓர் எண்ணாக அளக்கும் முறையைத் தந்தனர். மயக்க மருந்தில் அந்த எண் தாழ்கிறது. கனவில் மீண்டும் உயர்கிறது.

உயிர் உண்டு என்பதற்குச் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் வரிசையாகக் காரணங்கள் சொல்கிறது. அவற்றில் இரண்டை இன்றைய நரம்பியல் நேராகவே தொடுகிறது. எனது உடல் என்று சொல்வதால், சொல்பவன் உடலுக்கு வேறானவன் என்பது ஒன்று. இந்த ‘எனது’ எங்கே பிறக்கிறது என்பதற்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுகள் நல்ல வெளிச்சம் தருகின்றன. கை வெட்டப்பட்டவருக்கு இல்லாத கை இருப்பதாகவே தோன்றும், வலிக்கும். அவரது கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையின் விரலைத் தொடுவதுபோல உணர்ந்தார். புறணியில் கைக்குரிய பகுதி முகத்துக்குரிய பகுதியை ஒட்டி இருக்கிறது. கையிலிருந்து செய்தி வராமல் போன இடத்துக்குள் முகத்தின் செய்தி புகுந்துவிட்டது என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம். கண்ணாடிப் பெட்டியில் மற்றக் கையின் பிம்பத்தைக் காட்டி, இல்லாத கையின் இறுக்கத்தைச் சிலருக்குத் தளர்த்தவும் அவரால் முடிந்தது. இதன் மறுபுறமும் உண்டு. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்த சிலர், தம் உடம்போடு ஒட்டியிருக்கும் இடக் கையைக் காட்டி, இது என் கை இல்லை, வேறொருவருடையது என்று சாதிப்பார்கள். புத்தி தெளிவாகவே இருக்கும். ‘எனது’ என்ற உரிமையுணர்வை மூளை கட்டுகிறது, மூளைச் சிதைவு அதைக் கலைக்கிறது. ஆகவே அந்தக் காரணம் இன்று உயிரை நிறுவப் போதாது. சித்தாந்தியிடம் இதற்கும் பதில் உண்டு: நான், எனது என்று எழுவது அகங்காரம் என்ற சடக் கருவிதானே?

இரண்டாவது காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண் ஓசையை அறியாது, காது ஒளியை அறியாது; ஐந்தையும் சேர்த்து ஒன்றாக அறிவது எது? நிறம் ஓரிடத்தில், அசைவு வேறோரிடத்தில், ஓசை இன்னோரிடத்தில் பதியப்படும் மூளையில், பல்லாவரம் ரயில் நிலையத்துக்குள் வரும் மின்ரயில் ஒரே காட்சியாக அமைவது எப்படி என்பது நரம்பியலின் தீராத சிக்கல்களுள் ஒன்று. எல்லாம் வந்து கூடும் ஒற்றை மையம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த ஒருமை பிளவுபடக் கூடியது என்பதற்கும் சான்று இருக்கிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் வலிப்பு நோய்க்காக வெட்டப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். இடப் பார்வையில் காட்டிய பொருளை அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை. இடக் கையால் சரியாக எடுக்க முடிந்தது. 1981-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறிபவன் பிரிக்க முடியாத ஒருவன் என்றால், இந்த இரண்டாகப் போன அறிவு கடினமான கேள்வி.

அடிகள் மறைந்த 1950-ல்தான் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அவரோடு வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டி.எஸ். கனகாவும் சேர்ந்து, மூளையின் ஆழத்தில் துல்லியமாக ஒரு புள்ளியைத் தொடும் முறையைச் சென்னையில் வளர்த்தனர். அடக்க முடியாத ஆவேசம் கொண்டவர்களுக்கு அமிக்டலா, ஹைப்போதலாமஸ் ஆகிய பகுதிகளில் சிறு சிதைவு உண்டாக்கி அமைதிப்படுத்திய அந்தச் சிகிச்சைகள் இன்று அறநெறிக் கேள்விகளுக்கு உரியவை, கேட்கவும் வேண்டும். ஆயினும் குணம் என்று நாம் சொல்வது எவ்வளவு நெருக்கமாகத் திசுவோடு பிணைந்திருக்கிறது என்பதை அவற்றைக் காட்டிலும் கூர்மையாகக் காட்டியவை குறைவு. அதே ராமமூர்த்தி, 1995-ல் ஓர் உளமருத்துவ ஆய்விதழில் நான்காவது நிலையான துரியம் பற்றிக் கட்டுரை எழுதினார். அது வேதாந்தம் சொல்லும் துரியம். மேலே எண்ணிய படிகளுக்கு எதிர்த்திசையில், தியானத்தின் உச்சியில் இருப்பது. மூளையைக் கையால் தொட்டறிந்தவருக்கும் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

மான்ட்ரியலின் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் அப்படித்தான். விழித்திருக்கும் நோயாளியின் புறணியை மின்முனையால் தொட்டு, கை அசைவதையும், பழைய நினைவு எழுவதையும் கண்டவர் அவர். ஆனால் மின்முனையால் ஒருவரை நம்பவைக்கவோ முடிவெடுக்கவைக்கவோ முடியவில்லை என்று சொல்லி, 1975-ல் வந்த தம் நூலில் மனம் மூளைக்கு வேறானது என்ற பக்கம் சாய்ந்தார். அவர் விட்ட இடைவெளி 2009-ல் சுருங்கியது. பிரான்சில் மிஷேல் டெமுர்ஜேயின் குழு பெரைட்டல் புறணியைத் தூண்டியபோது, நோயாளிகள் கையை அசைக்க விரும்புவதாகச் சொன்னார்கள். தூண்டலைக் கூட்டியபோது, அசையாத கையை அசைத்துவிட்டதாகவே நம்பினார்கள். விருப்பமும் மின்முனைக்கு எட்டியது.

இவ்வளவும் நிறுவுவது சார்பை. சார்பும் உற்பத்தியும் ஒன்றுதானா என்பதை இன்றும் தெளிவாக எழுப்புவது அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1898-ல் வெளியிட்ட சொற்பொழிவு. உணர்வு மூளையின் செயல் என்று ஏற்றுக்கொண்டாலும், அந்தச் செயல் ஆக்கும் செயலாகவும் இருக்கலாம், கடத்தும் செயலாகவும் இருக்கலாம் என்றார் அவர். நிறமுள்ள கண்ணாடி ஒளியை ஆக்குவதில்லை, வடிகட்டி விடுகிறது. கண்ணாடி உடைந்தால் நிறம் மாறும். ஆக, மூளைச் சிதைவால் உணர்வு சிதைவதை மட்டும் வைத்து இரண்டில் எதையும் தேர முடியாது. உயிர் கருவியின் வழியே அறிகிறது என்ற சித்தாந்தக் கொள்கை இந்த வாதத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் எல்லாச் சான்றோடும் ஒத்துப்போகும் கொள்கைக்கு ஒரு விலை உண்டு. எந்தச் சோதனையும் அதை மறுக்க முடியாது என்றால் எந்தச் சோதனையும் அதைத் தாங்கவும் முடியாது. மூளை இயங்காதபோதும் உணர்வு நீடித்ததைக் காட்டினால்தான் கடத்தல் கொள்கை முன்னேறும்.

அதற்கும் முயன்றிருக்கிறார்கள். சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986-ல் இந்தியாவின் மரண விளிம்பு அனுபவங்கள் பதினாறை வெளியிட்டனர். எமதூதர்கள் ஆள் மாறி அழைத்துச் சென்று, கணக்கைப் பார்த்துத் திருப்பி அனுப்பியதாக அந்த அனுபவம் பெற்றவர்களில் பலர் சொன்னார்கள். அமெரிக்க அனுபவங்களில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. வளர்ந்த ஊரின் நம்பிக்கை அனுபவத்துக்குள் இவ்வளவு ஆழமாகப் போவது, அது நினைவின் கருவிகளால் கட்டப்பட்டது என்ற பக்கம்தான் சாய்கிறது. 2014-ல் வெளியான சாம் பர்னியாவின் ஆய்வில், மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் படங்கள் மருத்துவமனைகளில் தட்டுகளின் மேல் வைக்கப்பட்டன. இதயம் நின்ற 2,060 நிகழ்வுகளில் 140 பேரைப் பேட்டி காண முடிந்தது. ஒருவர் மட்டும் நடந்ததைச் சரிபார்க்கத்தக்க அளவில் விவரித்தார். அவர் இருந்த இடத்தில் தட்டு இல்லை. படம் எதையும் யாரும் பார்க்கவில்லை.

இன்றுள்ள சான்றின் எடை மூளையின் பக்கம் இருக்கிறது. ஆனால் பூதவாதியின் வாரிசுகளிடமும் முழுப் பதில் இல்லை. போதை எப்படிப் பிறக்கிறது என்பதை வேதியியல் படிப்படியாகச் சொல்லிவிடும். நரம்பணுவின் மின்துடிப்பு எந்தப் படியில் வலியாகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1998-ல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 25 ஆண்டுகளில் உணர்வுக்குரிய நரம்புத் தடம் தெளிவாகக் கிடைக்கும் என்று மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார்; 2023-ல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். இரண்டு முன்னணிக் கொள்கைகளை நேருக்கு நேர் மோதவிட்டு 256 பேரிடம் செய்த சோதனை 2025-ல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டின் முக்கியக் கணிப்புகளிலும் சில பொய்த்தன. கிண்டியில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருக்களின் மூளைகளை 5,132 வெட்டுத் துண்டுகளாகப் படமாக்கி 2024-ல் உலகுக்குத் திறந்துவைத்தது. தலாமசிலிருந்து புறணிக்கு இணைப்புகள் உருவாகும் காலம், ஏறத்தாழ 24-ஆம் வாரம், இந்தக் கேள்விக்கு மிக முக்கியமானது. அதற்கு முன் உணர்வுக்கான பாதையே இல்லை என்று பலர் கருதுகிறார்கள். பாதை போடப்படுவதைப் படம் காட்டும். அதில் பயணிப்பது என்ன என்பது வேறு வேலை.

மருத்துவமனைக் கட்டிலில் இந்த வேலை அவசரமானது. 2006-ல் அட்ரியன் ஓவன், உணர்வற்றவர் என்று முடிவு கட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். அவர் மூளையில் அசைவுக்குரிய பகுதி, நலமாக இருப்பவருடையதைப் போலவே எழுந்தது. 2024-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு உடம்பால் எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர் மூளையால் பதில் தந்தனர்: நால்வரில் ஒருவர். கருவிகள் சில கழன்றும் சில எஞ்சியும் இருக்கும் இந்த இடைநிலை, கட்டிலருகே கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வழக்கத்துக்குப் பிடிபடவில்லை. சோதனையில் பதில் வந்தால் உணர்வு இருக்கிறது என்று சொல்லலாம். வராவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. நலமாக இருப்பவர்களிலும் சிலர் அந்தச் சோதனையில் பதில் காட்டுவதில்லை.